அப்பா பேசினார், அக்கா

நெய்வேலி
15.11.2017, இரவு

அன்புள்ள பிரபா அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. அத்தானிடம்கூட வேண்டாம். அவர் நல்லவர்தான். ஆனால் மனசு கேட்காமல் இங்கே யாருக்காவது போன் போட்டுவிட்டால், அது சுற்றிச் சுற்றிச் சடையப்பன் மாமா காதுக்கு வந்துவிடும். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. உன் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன்.

நான் நலம். அம்மாவும் நலம், மழைக்கு முழங்கால் வலிதான் ஏறியிருக்கிறது. நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் சாமியிடம் கேட்கிறேன். சான்றிதழ்களை அனுப்பச் சொல்லி உன்கூடப் படித்த சண்முகப்ரியா அக்காவுக்கு நீ கொடுத்த திருப்பூர் விலாசத்தை இன்றுதான் அவரிடம் கெஞ்சி வாங்கினேன். நீ அவரிடம் சொன்னதையும் சொன்னார். அப்பா போனை எடுத்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை, இனிமேல் அந்த வீட்டுக்குக் கூப்பிடவே மாட்டேன், நம்பரையும் மாற்றிவிட்டேன் என்றாயாம். புது நம்பரை அவருக்கும் நீ தரவில்லை. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்கா, அப்பா பேசினார். நான் பக்கத்தில் நின்றேன். உனக்குத்தான் கேட்கவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். நீ அத்தானோடு போன பிறகு அப்பா ஒரு டச் போன் வாங்கினார். இனிமேல் ஷிப்ட் விவரமெல்லாம் போனில்தான் வரும், பழைய பட்டன் போனை வைத்துக்கொண்டு என்னிடம் கான்ட்ராக்ட் வேலைக்கு வராதே என்று மாமா சொல்லிவிட்டார். பழையதைக் கொடுத்துவிட்டு, பண்ருட்டியில் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் இதை வாங்கினோம். இன்சூரன்ஸும் சேர்த்துப் போட்டுக்கொடுத்தார்கள். அப்பா அந்த போனை எப்படி வைத்துக்கொண்டார் தெரியுமா? மைன்ஸில் வேலை முடிந்ததும் ஏர் பைப்பை எடுத்து, சட்டை, தலையெல்லாம் கரித்தூள் போக ஊதிவிட்டுத்தானே எல்லாரும் பஸ் ஏறுவார்கள். அப்பா போனையும் அதே பைப்பில் பிடித்து ஊதியிருக்கிறார். ஒவ்வொரு ஷிப்ட் முடிந்தும். புதுப் பொருளில் தூசி அடையக் கூடாது என்று.

தீபாவளிக்கு மறுநாள் நீ கூப்பிட்டாய். அப்பா எப்போதும்போல ஸ்பீக்கரைப் போட்டார். உன் குரல் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார். "பிரபாவா? எங்கம்மா கீற? சாப்டியா? அந்தத் தம்பி உன்ன நல்லா பாத்துக்குதா?" என்று மூச்சு விடாமல் கேட்டார். நீயோ, "அப்பா, ஏதாவது பேசுங்கப்பா" என்கிறாய். அவர் இன்னும் சத்தமாகக் கேட்டார். அம்மா ஓடிவந்து, அக்கம்பக்கத்தில் கேட்கப்போகிறது என்று ஜன்னலைச் சாத்தினாள். "உங்க கோவம் நியாயம்தான்பா" என்று நீ அழுதாய். "கோவம்லாம் ஒண்ணும் இல்ல, அழுவாத. நீ வூட்டுக்கு வாம்மா" என்றார். நீ வைத்துவிட்டாய்.

சிக்னல் இல்லை என்று நினைத்து அப்பா தெருவுக்கு ஓடினார். செருப்புகூடப் போடவில்லை. அவரே திரும்பக் கூப்பிட்டார். நீ எடுத்து, "அலோ, அலோ" என்றாய். பிறகு அதையும் வைத்தாய். மறுநாள் மாமா வண்டியில் வந்து, "மூணு வாட்டி கூப்புடறேன், எடுத்துட்டு ஊமையாட்டம் கீற. வேல வேணாமா?" என்று வாசலில் நின்று கத்திய பிறகுதான் போனில் பழுது என்றே தெரிந்தது. அப்பா உடனே டீக்கடைக்காரர் போனை வாங்கி உன் நம்பருக்கு அடித்தார். அதற்குள் நீ அதை மாற்றியிருந்தாய்.

மாமா உன் விஷயத்தில் என்ன சொல்லியிருக்கிறார் என்று உனக்குத் தெரியாது. அவளோடு யாராவது பேசினீர்கள் என்று தெரிந்தால் அப்பாவுக்கு ஷிப்ட் கிடையாது, என் படிப்பையும் நிறுத்திவிடுவேன் என்று அம்மா தலையில் கைவைத்துச் சொல்லியிருக்கிறார். மைன்ஸ் பர்மனென்ட்காரர் வீட்டுப் பையனோடு நீ போனது, உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதால் வந்த வினையாம். எனக்கு இந்த வருஷம் பிளஸ் ஒன்னுக்கே பொதுத் தேர்வு. பயமாக இருக்கிறது அக்கா. அப்பாவும் பயப்படுகிறார். பயத்தோடுதான் அன்றைக்குப் பேசினார்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு லீவு. இங்கிலீஷ் படிக்க ஆள் வேண்டும் என்று பண்ருட்டிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் பெயர் கோபாலகிருஷ்ணன். நல்ல வாய்க்காரர். நாம் பேசுவது எதிராளிக்குக் கேட்கவில்லை என்று அப்பா சொன்னதும், "எல்லாரும் பொண்டாட்டி பேசறது கேக்காத போன் இருக்கான்னு கேப்பாங்க, நீங்க இதுக்குப் போயி ரிப்பேருக்கு வந்துகினு" என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

காற்று அழுத்தத்தில் மைக் போய்விட்டது என்றார் அவர். தானாகப் பழுதானால் போன் கம்பெனி பார்க்குமாம். கீழே விழுந்து உடைந்தாலோ தண்ணீர் புகுந்தாலோ இன்சூரன்ஸ் பார்க்குமாம். இது தானாகக் கெடவும் இல்லை, விழவும் இல்லை, நனையவும் இல்லை. நானும் அந்தப் பொடி எழுத்துத் தாள் முழுவதையும் படித்தேன். திருட்டு, உடைப்பு, தண்ணீர் எல்லாம் இருக்கிறது. ஏர் பைப் இல்லை.

அப்பா என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "மதி, கூப்ட்டவங்க நம்மளத் தப்பா நெனச்சிக்கினா, அதுக்கு எதனா போட்டுக்குதா பாரு."

இல்லை அப்பா என்றேன். அப்பா தலையை ஆட்டிக்கொண்டார்.

கடைக்காரருக்கு என்ன புரிந்ததோ, அதற்குப் பிறகு கேலி பேசவில்லை. "ஒண்ணு பண்ணலாங்க. கை தவறிக் கீழ போட்டுடுங்க. ஸ்கிரீன் ஒடஞ்சா முழுசா க்ளெய்ம் ஆவும், உள்ள மைக்கும் சேத்து மாத்திக் குடுப்பாங்க" என்றார். எத்தனை நாளாகும் என்று அப்பா கேட்டார். சென்னைக்குப் போய் வர மூன்று வாரமாகும், சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். "வேற போன் வூட்ல இல்லீங்க. நடுவுல ஒரு கால் வந்துட்டா?" என்றார் அப்பா.

இங்கேயே மைக் மாற்ற முடியுமா என்று கேட்டார். சாயங்காலத்துக்குள் மாற்றித் தரலாம், ஆனால் வெளியாள் பிரித்த போனுக்கு இன்சூரன்ஸும் கிடையாது, கம்பெனியும் தொடாது, நாளைக்கு உடைந்தால் உடைந்ததுதான் என்றார் கடைக்காரர். அப்பா போனைச் சட்டையில் துடைத்து அவர் முன்னால் வைத்து, "பிரிங்க" என்றார். அப்பா எதையும் அவ்வளவு சட்டென்று முடிவு பண்ணி நான் பார்த்ததில்லை. அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, உள்ளிருந்து எடுத்த அத்தனை திருகாணிகளும் திரும்ப உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது போன் பேசுகிறது. அப்பா ஏர் பைப் பக்கமே அதைக் கொண்டுபோவதில்லையாம், ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றி டிபன் டப்பாவுக்குள் வைத்துவிடுகிறார். அம்மா திட்டுகிறாள். போன் எங்கே என்று தேடினால் ரசம் வாசனை வருகிறது என்கிறாள். ஆனால் நேற்று பார்த்தேன், அந்த டப்பாவைத் துடைத்து வைத்தது அம்மாதான். உன் பேரை அவள் எடுப்பதில்லை. உன் தட்டை மட்டும் இன்னும் என்னைத் தொட விடுவதில்லை.

அக்கா, யார் கூப்பிட்டாலும் அப்பா எடுத்த உடனே இப்போது ஒன்றுதான் கேட்கிறார்: "நான் பேசறது கேக்குதா?" கேஸ் கம்பெனிப் பெண்ணிடமும் அதையே கேட்டார். மாமாவிடமும் கேட்டார். மாமா, இந்த ஆளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்கிறார்.

நம்பர் அதேதான், மாற்றவில்லை. இந்த வாரமும் அடுத்த வாரமும் அப்பாவுக்கு நைட் ஷிப்ட், காலையில்தான் வருவார். மத்தியானம் நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன், மாமா மைன்ஸில் இருப்பார், அப்பா வீட்டில் படுத்திருப்பார். அந்த நேரத்தில் ஒரே ஒரு தடவை கூப்பிடு. மன்னிப்பெல்லாம் கேட்காதே. அழாதே. நான் எழுதினேன் என்று சொல்லாதே. அப்பா கேட்பார். நீ, கேக்குதுப்பா என்று சொல். அது போதும், மிச்சத்தை அவர்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்பா வருகிற நேரம் இல்லை. வாசலில் வண்டிச் சத்தம், மாமா வண்டி மாதிரி இருக்கிறது. அம்மா எழுந்துவிட்டாள். அக்கா, கேக்குதுன்னு மட்டும்