வெளியிலிருந்து திறக்கும் தாழ்ப்பாள்

மார்ச் 4

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நலமா? போனில் சொல்லத் தைரியம் வராததால் எழுதுகிறேன். போன வாரம் என் அறைத்தோழி விடுதிக் குளியலறையில் மயங்கி விழுந்துவிட்டாள். ரொம்ப நாளாகத் தோள் வலி. கல்லூரியில் யாரோ கொடுத்த வலி மாத்திரையைப் போட்டிருக்கிறாள். அது கம்பெனி மாத்திரை இல்லை, அபின் வகை மருந்து கலந்த போலி. உதடு நீலம் பாரித்து, மூச்சு அடங்கிப்போகிற நிலை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லி, கதவை உடைத்து, காப்பாளர் அறையிலிருந்த, அபின் மயக்கத்தை முறிக்கிற நலாக்சோன் ஸ்ப்ரேயை மூக்கில் அடித்த பிறகுதான் மூச்சு திரும்பியது. இப்போது பரவாயில்லை. இனி மாடிக்கு ஒரு ஸ்ப்ரே வைக்கப்போகிறார்கள். எல்லாருக்கும் பயிற்சி உண்டு. நானும் பெயர் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் மகள்

மார்ச் 13

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். உயிர் பிழைத்ததில் சந்தோஷம். அதோடு நிறுத்திக்கொள். சுற்றிவளைக்காமல் சொல்கிறேன், வேறு அறை கேட்டு வாங்கு. எவனோ நீட்டியதை வாயில் போடுகிறவள் நாளைக்கு உன்னையும் இழுத்துவிடுவாள். என் மகளாயிருந்தால் வாசலில் கால் வைக்க விட்டிருக்கமாட்டேன்.

இதை எழுதும்போது அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணைப் பெத்தவங்க படிச்சா எப்படியிருக்கும்? பேனாவைக் கீழ வைங்க" என்கிறாள். வைக்கிறேன், ஒன்று மட்டும் கேட்டுவிட்டு. ஆயுசு முழுக்கப் பூட்டும் தாழ்ப்பாளும் விற்றவனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. கதவை எதற்கு உடைத்தீர்கள்? அவசரத்துக்கு வெளியிலிருந்து நாணயத்தால் திருகித் திறக்கிற தாழ்ப்பாள் இருக்கிறதே. அங்கே என்ன போட்டிருக்கிறார்கள்? விவரமாக எழுது.

அப்பா

மார்ச் 22

அன்புள்ள அப்பாவுக்கு,

அறையை மாற்றமாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அவளை விட்டு விலக என்னால் முடியாது.

பயிற்சி முடிந்தது. எழுப்பியும் எழாவிட்டால் உடனே ஆம்புலன்ஸ், ஸ்ப்ரே. மூச்சு வந்ததும் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். ஸ்ப்ரேயின் வேகம் குறைந்தால் மூச்சு மறுபடி அடங்கலாம், அதனால் ஆள் வரும்வரை விட்டுப் போகக் கூடாது. கூப்பிட்டவர்மேலும் விழுந்தவர்மேலும் எங்கள் கல்லூரி நடவடிக்கை எடுக்காதாம். மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில்தான் பலர் கூப்பிடாமலே விடுகிறார்களாம்.

நீங்கள் கேட்ட தாழ்ப்பாள், உள்பக்கம் மட்டும் நகர்த்துகிற இரும்புத் தாழ்ப்பாள். வெளியே ஒன்றுமில்லை. கதவுக்கடியில் இரண்டு விரல் இடைவெளி. அதில் நீலச் செருப்பு தெரிந்தது. போகவேயில்லை அப்பா, அங்கேயே நின்றது. "திறடி, கதவைத் திறடி" என்ற குரல் மட்டும் தூரமாகப் போய்க்கொண்டிருந்தது.

விடுமுறைக்கு நான் வீட்டுக்கு வரலாமா? பதில் எழுதுங்கள்.

உங்கள் மகள்

மார்ச் 30

என் கண்ணுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். வந்தவர் கீல் கேட்க, நான் கொக்கியை எடுத்துக் கொடுத்தேனாம்.

வெளியே நின்று தட்டியவள் நீயென்றால், வெளியே நின்ற செருப்பைக் கதவுக்கடியில் எப்படிப் பார்த்தாய்? தரையில் கிடந்தவள் கண்ணுக்குத்தான் அது தெரியும்.

அம்மாவிடம் சொன்னேன். கடிதத்தை வாங்கித் தானே படித்தாள். பிறகு, "போன தடவை வந்தப்போ தலை பின்ன வலது கையத் தூக்கவே இல்லைங்க. தூக்கத்துல பிடிச்சுக்கிச்சும்மான்னா, நானும் நம்பிட்டேன்" என்று அழுதாள்.

என் மகளாயிருந்தால் என்று எழுதினேனே, அந்த வரியைக் கிழித்துப் போடு. வரலாமா என்று கேட்டுக்கொண்டு வருகிற வீடா இது?

இப்போது நீ பதில் சொல். அந்த ஒரு மாத்திரைதானா, இல்லை, அது இல்லாமல் முடியவில்லையா? எதுவானாலும் டாக்டரிடம் போவோம். பக்கத்தில் நான் உட்காருவேன். கத்தமாட்டேன் என்று சத்தியம் பண்ணமாட்டேன். கத்தினால் அம்மா பார்த்துக்கொள்வாள்.

டாக்டரிடம் சீட்டு வாங்கி அந்த ஸ்ப்ரேக்கு மருந்துக்கடை போனேன். நம் தெருக் கடைதான், தெரிந்தவர்கள் நாலு பேர் நிற்கிறார்கள். "யாருக்கு முதலாளி?" என்றான் கடைப் பையன். தெரிந்தவர் ஒருத்தருக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். "என் பொண்ணுக்கு" என்றேன். வீட்டில் ஒன்று இருக்கட்டும்.

சனிக்கிழமை அங்கே வருகிறேன். நாணயத்தால் திறக்கிற தாழ்ப்பாள் ஒரு பெட்டி எடுத்துவைத்திருக்கிறேன். உங்கள் காப்பாளர் சம்மதித்தால் மாடி முழுக்க நானே மாட்டித் தருகிறேன். அந்த நீலச் செருப்புக்காரியை எனக்குக் காட்டு. அவளிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. கும்பிட்டால் கூச்சப்படுவாள். திருப்புளியைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

அதுவரை தாழ்ப்பாள் போடாமல் குளி. அவளை வெளியே நிற்கச் சொல்.

உன் அப்பா