தேயிலை டின்னுக்குள் இருந்த ஈயத்தாள்

திருகோணமலை,
12.11.1969

அன்புள்ள மகள் பூரணிக்கு,

நானும் அம்மாவும் தேக சுகத்துடன் இருக்கிறோம். லீட்ஸ் குளிர் உன் மார்புச் சளியை மீண்டும் கிளப்பிவிடாமல் இருக்கவும், ஆஸ்பத்திரியில் இரவு முறை உன்னைக் களைப்பாக்காமல் இருக்கவும் கோணேசரை வேண்டிக்கொள்கிறோம். இங்கு மாரி தொடங்கிவிட்டது. குசினிப் பக்கத்து ஓடு இரண்டு மாற்றியும் ஒழுக்கு நிற்கவில்லை. ஓடு போட்டவன் மீது எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ஆனால் இக்கடிதத்தை அதற்காக எழுதவில்லை. நீ இதைத் தனியாக இருந்து இருமுறை வாசிக்க வேண்டும்.

துறைமுகத்துத் தேயிலைக் களஞ்சியக் கம்பனிக்காக நான் சட்டத்தரணியாகத் தோன்றும் வழக்கைப் பற்றி முன்பே எழுதியிருந்தேன். கிண்ணியா முஹம்மது தம்பி அங்கே பதினெட்டு வருடம் நிறுவைகாரராக இருந்தவர். ஆவணி மாதம் வாயிலில் சோதித்தபோது அவருடைய துணிப்பொட்டலத்தில் அரை இறாத்தல் தேயிலை இருந்தது. அதே வாரத்தில் கப்பலுக்குப் போகவிருந்த பெட்டி ஒன்று உடைத்துத் திறக்கப்பட்டு நிறை குறைந்திருப்பதும் தெரியவந்தது. இரண்டையும் சேர்த்து அவர்மேல் போட்டு, விசாரணை எதுவும் வைக்காமல், முகாமையாளர் இராசதுரை அன்றைக்கே அவரை வேலையால் நிறுத்தினார். அவர் தொழில் நியாயசபைக்கு விண்ணப்பித்திருக்கிறார். விசாரணை மார்கழி ஒன்பதாந் திகதி. பணிநீக்கம் நியாயமானது என்று காட்டும் பொறுப்பு கம்பனியுடையது. கம்பனியின் கையில் இருப்பதோ முஹம்மது தம்பி ஒப்பமிட்ட ஒரு குற்ற ஒப்புதல் மட்டுமே. அது ஆங்கிலத்தில் இருக்கிறது, அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. அதைக் கண்ட நாள்முதல் எனக்கு மனம் ஒப்பவில்லை. இருந்தும் கட்சிக்காரரின் பத்திரத்தை நானே குறை சொல்லலாகாது என்று பேசாதிருந்தேன்.

சென்ற ஞாயிறு மாலை முஹம்மது தம்பி நம்முடைய படலைக்கு வந்துவிட்டார். எதிர்த்தரப்பாளரோடு வழக்கைக் கதைப்பது எனக்கு முறையல்ல. ஆகையால் நான் விறாந்தையை விட்டு உள்ளே போய்விட்டேன். அம்மாதான் போய் நின்றாள். ஆனால் அவருடைய குரல் கடற்காற்றிலும் கேட்கக்கூடிய குரல். "பெட்டியில குத்தூசி குத்திச் சோதனைக்கு மாதிரி எடுத்த தேயிலையத் திரும்பப் பெட்டிக்குள்ள போடேலாது அம்மா, அது நிறுவைகாரன்ட பங்கு எண்டு வெள்ளைக்காரன் காலத்திலயிருந்து எல்லாச் சேர்மாருக்கும் தெரியும். நான் அரை இறாத்தலுக்குப் பதில் சொல்லுவன். பெட்டிய உடைச்சது நான் இல்ல. உடைச்சவன் உள்ளுக்குச் சுத்தியிருக்கிற முத்திரை போட்ட ஈயத்தாளையும் வெட்டித்தானே எடுத்திருக்கான், அந்தத் தாள் எங்க எண்டு ஐயாவத் தேடச் சொல்லுங்க" என்றார். காகிதத்தில் ஏன் ஒப்பமிட்டீர் என்று அம்மா கேட்டிருக்கிறாள். "இராசதுரை சேர் எழுதினார், நான் ஒப்பம் வைச்சன். அவர் எழுதினதுக்கெல்லாம் பதினெட்டு வருஷமா வைச்சுத்தானே வந்தனான்" என்றாராம். கள்ளன் என்ற கதை கிண்ணியா முழுவதும் பரவி, அவருடைய மகள் லைலாவின் நிக்காஹ் பேச்சு நின்றுபோயிற்று என்பதையும் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா உள்ளே வந்து கதிரையில் இருந்தாள். பிறகு, "பூரணிக்கு அனுப்பின தேயிலையைச் சுத்தியிருந்த வெள்ளித்தாளை நான்தானே மடிச்சுக் கட்டினனான். அதிலை நீலமாய் ஒரு முத்திரையும் இருந்ததப்பா" என்றாள். அந்தத் தேயிலை இராசதுரை கொண்டுவந்து தந்தது. "அண்ணை, பிள்ளை அந்தக் குளிருக்கை நல்ல தேத்தண்ணி குடிக்கட்டும்" என்று இரண்டு இறாத்தலை ஒரு டின்னில் வைத்துத் தந்தார். நாங்கள் ஒரு இறாத்தலை எடுத்துக்கொண்டு மற்றதைத் தாளோடும் டின்னோடும் உனக்கு அனுப்பினோம். தேயிலை வந்தது ஆவணி நடுப்பகுதியில். வழக்குக் கோவையை அவர் என் மேசையில் வைத்தது புரட்டாதியில். இந்த வரிசையை நான் இப்போதுதான் கவனிக்கிறேன். முஹம்மது தம்பி பொய் சொல்லக்கூடும், ஈயத்தாள் கதையை யாராவது அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவும் கூடும், அம்மாவின் ஞாபகமும் பிழைக்கலாம். ஆனால் போன கிழமை இராசதுரை என் கந்தோருக்கு வந்தபோது, எழும்பும் நேரத்தில், "பிள்ளை தேயிலையை முடிச்சிட்டாவோ? டின்னை என்ன செய்தவ?" என்று கேட்டார். தன் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சோதனை மறுமொழியைக்கூட விசாரிக்காத மனிதர் அவர்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. டின்னைத் திறக்கும்போது உன்னோடு வேலை செய்யும் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள். தாளைக் கழுவாதே, நீவி நேராக்காதே. முத்திரையில் உள்ள எழுத்தையும் இலக்கத்தையும் பார்த்தபடியே எழுதி, திகதியிட்டு, இருவரும் ஒப்பமிட்டுத் தாளோடு பதிவுத் தபாலில் வீட்டு விலாசத்துக்கு அனுப்பு. கந்தோருக்கு வேண்டாம், தந்தியும் வேண்டாம். எறிந்துவிட்டாய் என்றால் அதையும் மறைக்காமல் எழுது. முத்திரை இல்லை என்றாலும் அப்படியே எழுது. நான் எதை விரும்புகிறேன் என்று ஊகித்து எழுதாதே, ஏனெனில் அது எனக்கே தெரியவில்லை. இராசதுரையின் மருமகன் பாக்கியரத்தினம் லண்டனில் இருப்பதாகக் கேள்வி. அவர் டின்னைக் கேட்டு வந்தால் தேத்தண்ணி கொடு, டின்னைக் கொடாதே.

தாளின் இலக்கம் உடைக்கப்பட்ட பெட்டியின் இலக்கத்தோடு பொருந்தினால் நான் இவ்வழக்கிலிருந்து விலகி, கொழும்பில் இருக்கும் இயக்குநர்களுக்குக் காரணத்தை எழுதுவேன். அழைத்தால் சாட்சிக் கூண்டிலும் ஏறுவேன். அம்மா தானும் வருவாளாம், இப்போதே சேலை பார்க்கிறாள். பார்சல் படிவத்தில் "தேயிலை, அன்பளிப்பு" என்று எழுதி ஒப்பமிட்டவன் நான். தேயிலை எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. முப்பது வருடமாக மற்றவர்களிடம் அதைத்தான் கேட்டுவருகிறேன்.

கம்பளி உடுப்பு இல்லாமல் வெளியே போகாதே, வெள்ளிக்கிழமை விளக்கேற்ற மறவாதே. எல்லாம் வல்ல இறைவன் உனக்குத் துணை நிற்பான். இக்கடிதம் கிடைத்த அன்றைக்கே தாளை அனுப்பு. எங்கள் பங்கு இறாத்தலில் இன்று அம்மா பார்த்தபோது போத்தலில் இரண்டு கரண்டிதான் மிச்சம். முஹம்மது தம்பியின் பொட்டலத்தில் இருந்தது அரை இறாத்தல், மகளே. நாங்கள் அதில் இரட்டிப்பைக் குடித்துவிட்டு அவருக்கு எதிராக வாதாடப் புறப்பட்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா,
வே. அருளம்பலம்