மூன்று கன்னங்கள்

என் கண்ணான மகளுக்கு,

உன் கன்னத்துப் பருக்குழிகளுக்கு வழி கேட்டு, இங்கே துறைமுகத்துக்குக் கப்பலில் வந்திருக்கும் ஒல்லாந்து தேசத்து வைத்தியரிடம் நேற்றுப் போனேன். நிச்சயத்துக்குள் முகம் தெளிய வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னதை நான் மறக்கவில்லை.

மூன்று வழி உண்டாம். திராவகம் தடவித் தோலை உரிக்கலாம், ஊசியால் குத்தலாம், இல்லையென்றால் குழியின் விளிம்பைச் சுரண்டலாம். எது நல்லது என்று கேட்டேன். அவர் பக்கத்து அறைக் கதவைத் திறந்தார்.

உன் வயதுப் பெண்கள் மூவர் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு கன்னம் வழவழப்பாகவும் மறு கன்னம் குழிகளோடும் இருந்தது. மூவரும் ஒரே மாதிரி சிரித்தார்கள்.

"யாருப்பா இவங்க?" என்று, அவர் பேச்சை எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்த துபாஷியிடம் கேட்டேன்.

"பஞ்சத்துல அடிமையா வித்துட்டதுங்கம்மா. கப்பல் கெளம்புற வரைக்கும் சும்மாதானே குந்திக்கினு இருக்குதுங்க."

ஊசி குத்தியதென்று வைத்தியர் காட்டிய கன்னம் அழகாகத்தான் இருந்தது. உன்னிடம் மறைப்பானேன், கிட்டப் போய்த் தொட்டும் பார்த்தேன். சிரிப்பு மாறாமல் அந்தப் பெண் சொன்னாள்:

"உம் பொண்ணுக்காம்மா? எனக்கு இன்னொரு கன்னம் பாக்கி கீது. வைத்தியரு அதுலயும் நல்லா பழகிக்கட்டும்."

அந்த வழவழப்பு இன்னும் என் விரலில் இருக்கிறது.

வைத்தியத்துக்காக நீ சுண்ணாம்புக்குளத்திலிருந்து இங்கே படகேறி வர வேண்டாம். உன் முகம் இப்படியேதான் இருக்கும் என்று மாப்பிள்ளை வீட்டாருக்கு எழுதிவிட்டேன்.

உன் அம்மா