நான் தனியாகப் பார்த்த முதல் பிரசவம்

பிரிக்பீல்ட்ஸ், 1943. வெள்ளி இரவு.

ஐம்பது வயதில் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொள்ளப் போனபோது ஊரே சிரித்தது. என்னைவிட இளையவளான மருத்துவச்சி மேரிதான் சேர்த்துக்கொண்டாள். இன்று அவளுக்குக் காய்ச்சல். பக்கத்து வீட்டுச் செல்லம்மாவுக்கோ வலி வந்துவிட்டது. தனியாகப் போனேன்.

பிறந்த குழந்தை அழவில்லை. மேரி சொல்லித்தந்தபடி வாயைத் துடைத்து, முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் வீறிட்டு அழுதான்.

"அக்கா, ரயில் ரோடு போட ஜப்பான்காரங்க சயாமுக்குப் புடிச்சிட்டுப் போனாங்களே எங்க வீட்டுக்காரர, அவரு வந்து புள்ளயப் பாப்பாரா?" என்றாள் செல்லம்மா.

"மொதல்ல புள்ளைக்குப் பால் குடும்மா" என்றேன். குழந்தையை அவள் மார்பில் வைத்தேன்.

மேரியிடம் நடந்ததைச் சொன்னேன். "இனிமே நீங்க தனியாவே போலாம் லா, அக்கா" என்றாள். சின்ன வயது ஆசை. இந்தக் கெட்ட காலத்தில் கைகூடியிருக்கிறது. நன்றி, முருகா. செல்லம்மா புருஷனையும் நீதான் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.