லூவெல்லாவின் பாட்டும் உன் புதன்கிழமையும்

மிளகாய்த்தூள் மணக்கிற இசைத்தட்டு உலகத்தில் என்னிடம் மட்டும்தான் இருக்கும். இன்று காலை கட்டிலுக்கடியிலிருந்து அந்தப் பெட்டியை இழுத்தேன். உன் அம்மா வறுத்து இடித்து அனுப்பிய தூள் வந்த அதே அட்டைப்பெட்டி. தூள் முடிந்து நாலு வருடமாகிறது, மணம் போகவில்லை. தட்டை உறையிலிருந்து எடுத்ததும் தும்மினேன். நீ இருந்திருந்தால், "பாட்டுக் கேக்க முதலே கண் கலங்குதோ மச்சான்?" என்று கேட்டிருப்பாய்.

கலங்கவில்லை. அழுவதற்காக இதை எழுதவும் இல்லை. போன கிழமை நடந்த ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் நான் செய்த ஒன்றையும் சொல்ல வேண்டும். அது உனக்குத் தெரியும், ஆனால் நான் ஒருநாளும் வாய்விட்டு ஒப்புக்கொண்டதில்லை.

எண்பத்தைந்தில் மேற்கு பேர்லினில், நொய்கெல்ன் ஹைம் என்ற அகதிகள் விடுதியில் நாங்கள் ஆறு பேர், சமைக்க ஒரு குசினி. வேலை செய்ய அனுமதி இல்லை, நகரத்தை விட்டு வெளியே போக அனுமதி இல்லை. வரிசையில் நிற்க மட்டும் தாராளமாக அனுமதி இருந்தது. சனங்கள் வேண்டாத தளபாடங்களை வீதியோரம் வைக்கும் ஸ்பெர்முல் நாளில் எல்லோரும் மெத்தைக்கும் கதிரைக்கும் ஓடினோம். நீ ஒரு பழைய றெக்கோட் பிளேயரையும் ஒரு கட்டு இசைத்தட்டையும் தூக்கிக்கொண்டு வந்தாய். அமெரிக்கப் பட்டாளத்தான் ஒருவன் வீடு மாறும்போது போட்டுவிட்டுப் போனதாக இருக்க வேண்டும்.

"இருக்கக் கதிரை இல்லை. பாட்டைப் போட்டோ இருக்கப் போறாய்?" என்றேன்.

"கதிரை எல்லாரும் கொண்டு வருவினம்," என்றாய்.

அந்தக் கட்டுக்குள் ஒரு தட்டு மற்றவற்றைவிடப் பாரம். கீழே போட்டால் பீங்கான்போல உடையும் பழைய வகை. ஓரத்தில் சின்ன உடைவு. முதல் தடவை போட்டபோது பேய் முனகுவதுபோல ஒரு ஆண்குரல் வந்தது. நீ வேகத்தை மாற்றும் பிடியைத் தள்ளினாய். மூன்று தரம் 'டக்' என்றது, பிறகு ஒரு பெண் எழும்பி நின்றாள். அப்படித்தான் இருந்தது. பியானோ ஒன்று, கைதட்டல், அவள். வாசலில் நிற்கும் ஒருத்தி உள்ளே இருப்பவர்களிடம் விளக்கேற்றச் சொல்லும் தேவாலயப் பாட்டு. தட்டின் நடுவில் பெயர் இருந்தது: சகோதரி லூவெல்லா கிரிக்ஸ். பாட்டை எழுதியவர் என்ற இடத்திலும் அதே பெயர்.

இரண்டு நாள் கழித்து நீ இன்னொரு தட்டைப் போட்டாய். புதிய வகை, சின்னது. எண்ணெய் தடவி முடியை மேலே வாரிய வெள்ளைப் பையன் ஒருவன் உறையில் சிரித்தான். அதே மெட்டு, இரண்டு மடங்கு வேகம், துள்ளுகிற கிற்றார். விளக்கைக் காணோம், காதலியை ஆடக் கூப்பிடுகிறான். நல்லாகத்தான் பாடினான், நான் காலால் தாளம் போட்டேன். நீ போடவில்லை. உறையைத் திருப்பித் திருப்பி வாசித்தாய்.

"பாரம்பரியப் பாடல் எண்டு போட்டிருக்கிறாங்கள். அவளின்ர பேர் இல்லை."

"பழைய பாட்டு எண்டு நினைச்சிருப்பாங்கள்."

"இல்லை மச்சான். ஒரு ஆளின்ர பேரை அழிக்க வேணுமெண்டால் பாரம்பரியம் எண்டு எழுதினால் போதும்."

அன்றைக்குத்தான் உன் அப்பாவைப் பற்றிச் சொன்னாய். செத்த வீடுகளுக்குப் பறையடிக்க அவரைக் கூப்பிடுவார்கள். வாசல் படலைக்கு வெளியே நின்று அடிக்க வேண்டும். தேத்தண்ணி சிரட்டையில் வரும். "அது உங்கட பாரம்பரியம் எண்டு சொல்லுவினம். ஒருநாள் அப்பா ஏலாது எண்டிட்டார். அடுத்த கிழமை எங்கட வீடு எரிஞ்சுது." பிறகு என்னைப் பார்த்து, "இதை உன்னோட வை," என்றாய்.

நான் வைக்கவில்லை.

ஒரு பின்னேரம் குசினியில் நீ லூவெல்லாவைப் போட்டுவிட்டு, பானை மூடியில் அவள் ஆட்களின் கைதட்டலோடு சேர்ந்து தட்டினாய். எங்களில் மூத்தவர், நாங்கள் பெரியண்ணை என்று கூப்பிடுகிறவர், வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"தம்பிக்கு நல்ல கை. மிருதங்கம் பழகினனீரோ?"

"இல்லையண்ணை," என்று நீ மூடியைக் கீழே வைத்தாய்.

நான் வாயைத் திறந்தேன். "மிருதங்கம் என்னத்துக்கு அண்ணை? இவன்ர அப்பா மூண்டு ஊருக்கும் பறை அடிச்ச ஆள். அந்தக் கை சும்மா வருமோ?"

புகழ்ந்துதான் சொன்னேன். ஊரில் சாதிக்கு எதிராகச் சுவரொட்டி ஒட்டியவன் நான். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை என்று ஊருக்குக் காட்டுகிறேனாம். யாரிடம் எப்போது சொல்வது என்று முடிவெடுக்க வேண்டியவன் நீ என்பது அந்தப் பெரிய மூளைக்கு எட்டவில்லை. பெரியண்ணையின் கத்தி மறுபடி வெங்காயத்தில் இறங்கியது.

குசினி அலுமாரிக் கதவில் சமையல் முறை ஒட்டியிருக்கும். ஆளுக்கு ஒரு நாள், ஞாயிறு எல்லோரும். புதன் உன்னுடையது. திங்கட்கிழமை புதுத்தாள் ஒட்டியிருந்தது. புதனில் பெரியண்ணையின் பெயர்.

"தம்பி பாவம், களைச்சுப் போறார். நாங்கள் சமைக்கிறம், அவர் இருந்து சாப்பிடட்டும்," என்றார், என்னைப் பார்த்து. அவ்வளவு அன்பாக ஒருவரை வெளியே தள்ளியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து மொஸ்கோ வழியாக, கிழக்கு பேர்லினில் இறங்கி, பாஸ்போட்டைக் கூடத் தொலைத்துவிட்டு வந்தவர்கள் நாங்கள். இதை மட்டும் ஒருவரும் வழியில் தொலைக்கவில்லை.

நான் மன்னிப்புக் கேட்க வந்தபோது நீ தடுத்தாய். "நீ என்னை ஏசியிருந்தால் நான் திருப்பி ஏசியிருப்பன். நீ புகழ்ந்தனி. அதுக்கு நான் என்ன செய்யிறது?"

புதன்கிழமை நீ பெரியண்ணையின் பெயரை வெட்டி உன் பெயரை எழுதினாய். கோழிக்கறி, உருளைக்கிழங்கு, பருப்பு. றெக்கோட் பிளேயரைக் குசினி மேசையில் வைத்து லூவெல்லாவை உரக்கப் போட்டாய். ஐந்து சோற்றுக் கோப்பையை அடுக்கிவிட்டு இருந்தாய். ஒருவரும் வரவில்லை. நானும் வரவில்லை. பசியில்லை என்று சொல்லிவிட்டு வெளியே போய், கடைத்தெருவில் நின்றபடி உருளைக்கிழங்குப் பொரியல் தின்றேன். வாசித்த புத்தகம், ஒட்டிய சுவரொட்டி எல்லாம் அந்தக் கடதாசிச் சுருளுக்குள் முடிந்தது. இதைத்தான் நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அடுத்த புதன் வந்தேன். நீ ஒன்றும் கேட்காமல் கோப்பையைத் தள்ளினாய். இரண்டு தரம் போட்டுத் தின்றேன். "உப்புக் கூட," என்றேன். "போன கிழமை சரியாயிருந்தது," என்றாய். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாய்.

மூன்றாம் புதன் ஒருவர் வந்தார். ஐந்தாம் புதன் இன்னும் இரண்டு பேர். ஹைம் படிக்கட்டு முழுக்க உன் கோழிக்கறி மணக்கும்போது எவ்வளவு நாள் பொறுக்கிறது? பெரியண்ணை மட்டும் கடைசிவரை தன் அறையில் பாணும் ஜாமும். புதன்தோறும் அந்தக் கதவைப் பார்த்து நீ அறிவிப்பாய்: "சாதி இண்டைக்கும் பாண்தான் தின்னுது." லூவெல்லா விளக்கேற்றச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

உன் இருதயத்தில் பிறவியிலேயே ஒரு பழுது என்று இங்கேதான் கண்டுபிடித்தார்கள். இருபத்தாறு வயதுவரை உன் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்க ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆஸ்பத்திரியில் சொன்னாய்: "எனக்குப் பறை வேண்டாம். தேவாரமும் வேண்டாம். அவள் பாடட்டும்."

சுடலை மண்டபத்துக்குக் கசெற்றில் பதிந்து கொண்டுபோனேன். பெரியண்ணையும் வந்திருந்தார். "தம்பி, ஒரு தேவாரம் போடலாமே," என்றார். "ஏலாது அண்ணை," என்றேன். உன் அப்பா சொன்ன அதே சொல். மூன்று 'டக்', பியானோ, அவள். பெரியண்ணை தலையைக் குனிந்துகொண்டு நின்றார். துக்கமோ வெட்கமோ, நான் கேட்கவில்லை.

இனிப் போன கிழமைக் கதை. இப்போது நாங்கள் வாடகை வீட்டில் நாலு பேர். ஹம்பேர்க்கிலிருந்து ஒருவர் புதிதாக வந்தார், முப்பது வயதிருக்கும், பயந்த மனுசன். பையை இறக்கி வைக்கவில்லை, எங்களில் ஒருவர் தொடங்கிவிட்டார்: "ஊரில எந்தப் பக்கம்? கோயிலடியோ? கோயிலுக்குக் கிழக்கையோ, மேற்கையோ?" மூன்றாவது கேள்வியில் ஆள் யாரென்று பிடித்துவிடுவார்கள். உனக்குத் தெரியாததா? வந்தவர் நிலத்தைப் பார்த்தார்.

"அதை விடும்," என்று கேட்டவரிடம் சொல்லிவிட்டு, வந்தவர் பக்கம் திரும்பினேன். "அண்ணை, நீங்கள் எண்டைக்குச் சமைக்கிறியள்? அதைச் சொல்லுங்கோ."

அவர் இங்கேயும் அலுமாரிக் கதவில் ஒட்டியிருந்த சமையல் முறைத் தாளைப் பார்த்தார். வெள்ளி என்றார். எழுதினேன். கேள்வி கேட்டவர் அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டார். இந்த வீட்டில் அந்தத் தாளோடு யாரும் விளையாடுவதில்லை.

"புதனுக்கு ஒரு பேர் கிடக்கு," என்றார் புதியவர். "இந்தத் தம்பியைக் காணேல்லை?"

"அவன்ர முறைக்கு நான் சமைக்கிறனான்," என்றேன்.

இன்று புதன். உருளைக்கிழங்கு அடுப்பில் இருக்கிறது. தட்டைப் போட்டேன். புதியவர் குசினி வாசலில் வந்து நின்று முழுப்பாட்டையும் கேட்டார்.

"நல்லாயிருக்கு. ஆர் பாடினது?"

அவள் பெயரை முழுதாகச் சொன்னேன். "உள்ளுக்கு வாங்கோ," என்று கோப்பையைத் தள்ளிவிட்டு, உன் பெயரையும் முழுதாகச் சொன்னேன்.