மிளகு காய்க்காத வருடம்

மிளகு வாசம் போகாத கைகளையுடைய என் அப்பாவுக்கு,

கல்லூரி விடுமுறைக்கு வந்திருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் அம்மா புதுக் கொடிகள் நட்டிருக்கிறாள். சில்வர் ஓக் மரங்களில் என் தோள் உயரத்துக்கு ஏறிவிட்டன. நீங்கள் இருந்தால் கட்டியது சரியில்லை என்று ஒவ்வொன்றையும் அவிழ்த்து மறுபடி கட்டியிருப்பீர்கள்.

நேற்று செம்மேட்டுச் சந்தையில் அத்தையைப் பார்த்தோம். உங்கள் அக்காவுக்கு வாய் இன்னும் குறையவில்லை. மரவள்ளிக்கிழங்குக் குவியலுக்கு எதிரே மறித்துக்கொண்டாள்.

"ஏன் கண்ணு, காலேஜு எப்படிப் போவுது?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அம்மா பக்கம் திரும்பினாள். "புள்ள எளச்சுப் போச்சே. எளைக்காம என்ன பண்ணும்? அப்பன் மொகத்தக் கடைசியா ஒருக்கா பாக்க வுடலியே. பெத்த புள்ளைக்குத் தெரியாம புருசனப் பொதச்சவ இந்த மலையில நீ ஒருத்திதான்."

கிழங்கு நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசை அப்படியே பிடித்துக்கொண்டு பார்த்தார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"ஆமாங்க அண்ணி. தப்புத்தான்."

ஐந்து வருடமாக அதையே சொல்கிறாள். நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் அப்படி நிற்பதும் ஐந்து வருடமாகத்தான்.

அப்பா, எனக்குத் தெரியும். ஊருக்குத் திரும்பும் முன்பே தெரியும். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பதினாறு வயது. ஜெர்மனியில் ஒரு பள்ளி வருடம். உதவித்தொகை கிடைத்த கடிதத்தை மடித்து மடித்து உங்கள் சட்டைப் பையில் வைத்ததில் அதன் ஓரமெல்லாம் கிழிந்துபோயிருந்தது. என்னை வழியனுப்ப வந்தபோது எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் எலுமிச்சம்பழத்தை என் மூக்கருகே பிடித்துக்கொண்டே வந்தீர்கள். சேந்தமங்கலத்தில் இறங்கியதும் சிரித்தீர்கள். "மலையவே எறங்கிட்ட. இனி சீமை என்ன சீமை, பக்கத்து ஊரு." பிறகு இருமினீர்கள். வெகுநேரம் இருமினீர்கள். "சளி கண்ணு," என்றீர்கள்.

அங்கே நான் தங்கியிருந்த வீட்டம்மாவின் பெயர் பிர்கிட். காலையில் எழுந்ததும் எல்லா ஜன்னல்களையும் விரியத் திறந்துவிடுவார். வெளியே பனி கொட்டினாலும் ஐந்து நிமிடம். பழைய காற்று போக வேண்டுமாம். நான் போர்வையைச் சுற்றிக்கொண்டு நிற்பேன். இருட்டில் சைக்கிளை எடுத்துப் பள்ளிக்குப் போவேன். டப்பாவில் இரண்டு துண்டு ரொட்டி, ஒரு ஆப்பிள். திரும்பும்போது நாலரை மணி. அதற்குள் மறுபடி இருட்டு. இரவிலும் ரொட்டிதான், ஆறிப்போனது. அடுப்பே மூட்டாத ஒரு சாப்பாட்டுக்குப் பழகிக்கொண்டேன்.

வகுப்பில் கை தூக்கிப் பேசினால்தான் பாதி மதிப்பெண். எழுதுவது மட்டும் போதாது. நான் பேசமாட்டேன்.

வீட்டோடு வாரம் ஒரு முறை பேசினால் போதும், அடிக்கடி பேசினால் புது ஊரில் மனம் பதியாது என்று உதவித்தொகை கொடுத்தவர்கள் சொல்லியிருந்தார்கள். அதனால் ஞாயிறு. அந்த ஊர் ஞாயிற்றுக்கிழமையில் சத்தம் போடக் கூடாது. கடை கிடையாது. துணி துவைக்கும் இயந்திரம்கூட ஓடாது. பிர்கிட் அவித்த முட்டையைச் சின்னக் கிண்ணத்தில் நிறுத்தி, உச்சியைத் தட்டி உடைத்து, நீங்கள் கொடுத்தனுப்பிய மிளகை அரைத்துத் தூவுவார். எட்டு மணிக்கு என் போன் அதிரும்.

உங்கள் குரல், பேசி அனுப்பிய செய்தியாக.

"கண்ணு, அங்க இப்ப குளுருமே. காதக் கட்டிக்க. பனியில கால் வெச்சியா? எப்படி இருக்கும், உப்பு மாதிரியா?"

வீடியோவில் வரமாட்டீர்கள். "மூஞ்சியப் பாத்துக்கிட்டுப் பேச எனக்கு வராது சாமி." அது உங்கள் பழைய சட்டம். நானும் குரலிலேயே பதில் அனுப்புவேன். முதல் வார்த்தை எப்போதும் ஒன்றுதான். சாப்டீங்களாப்பா?

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. நீங்கள் சொன்னீர்கள்: "இந்த வருசம் மொளகு நல்ல காய்ப்பு கண்ணு. பறிச்சு முடிச்சாச்சு. அம்மா வாசல்ல காயப் போட்டிருக்கா. ஊடே காரமா கெடக்குது."

எனக்கு அந்த வாசலைப் பார்க்க ஆசை வந்தது. உடனே அம்மாவை வீடியோவில் அழைத்தேன். அம்மா எப்போதும் போனை முகத்துக்கு ஒட்டிப் பிடிப்பாள். அன்று கை தளர்ந்துவிட்டது. அவளுக்குப் பின்னால் நம் மரங்கள். மரங்களில் கொடி இல்லை. கறுத்துக் காய்ந்த தண்டுகள் கயிறு கயிறாகத் தொங்கின. வாசல் வெறுமையாக இருந்தது.

"மொளகு நல்லா காய்ச்சுதாம்மா?"

"ஆமா ஆமா. நல்ல காய்ப்பு," என்றாள். போனை மறுபடி முகத்துக்குக் கொண்டுபோனாள்.

நீங்கள் பொய் சொல்வீர்கள், அப்பா. காய்ச்சலைச் சளி என்பீர்கள். ஆனால் மிளகைப் பற்றிச் சொல்லமாட்டீர்கள். கொடி வாடியிருந்தால் முதலில் எனக்குத்தான் சொல்லியிருப்பீர்கள், எந்தக் கொடி, எந்த மரம் என்று. காய்க்காத மிளகைக் காய்த்தது என்று சொல்லும் நீங்கள், அந்தக் கொடிகளைப் பார்க்காத நீங்கள்.

குரலை மறுபடி ஓட விட்டேன். மறுபடி. உங்களுக்குப் பின்னால், தகரத்தில், மழை. விடாத மழை. நம் மலையில் மாசி மாதம் அப்படி மழை பெய்து எப்போது பார்த்தோம்? அது போன மழைக்காலத்து மழை.

"வீட்டில் எல்லாம் நலமா?" என்று பிர்கிட் கேட்டார்.

"நல்ல விளைச்சல்," என்றேன்.

அவர் மகிழ்ந்து இன்னும் கொஞ்சம் மிளகு தூவிக்கொண்டார்.

நான் ஏன் கேட்கவில்லை? கேட்டால் அடுத்த விமானத்தில் திரும்ப வேண்டியிருக்கும். கேட்காவிட்டால் அடுத்த ஞாயிறும் நீங்கள் பேசுவீர்கள். இந்த இரண்டில் எது முதலில் தோன்றியது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. உங்கள் குரலுக்காகத்தான் என்று சொல்லிக்கொள்ள ஆசை. ஆனால் அன்று பிற்பகலே ஏரிக்கரையில் கையை விட்டுச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டேன். சத்தமாகச் சிரித்தேன். அதை என்ன செய்வது?

அந்த வாரம் வரலாற்று ஆசிரியர் தனியே அழைத்தார். "உனக்குத் தெரிந்திருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது. ஏன் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாய்?" அவர் பாடத்தைப் பற்றித்தான் கேட்டார். நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டேன்.

மார்ச் கடைசியில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதன் பிறகு ஒன்பது மணிக்குத்தான் போன் அதிரும். நீங்கள் மட்டும் "காலைல எட்டு மணி ஆச்சா சாமி" என்றே தொடங்குவீர்கள். நான் முட்டையைச் சாப்பிடாமல் காத்திருப்பேன். ஒவ்வொரு குரலிலும் சொல் தேடமாட்டேன், பின்னால் மழை இருக்கிறதா என்றுதான் கேட்பேன். சிலதில் மழை. சிலதில் தவளை. ஒன்றில், பேச்சை நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னால், பாதி இருமல்.

ஜூலையில் வந்தேன். சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டில் அம்மா தனியாக நின்றாள். கையில் எலுமிச்சம்பழம். மலையேறுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்பது உங்கள் உத்தரவாம். ஐப்பசியில் நீங்கள் போனதை, அதற்கு முன் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து இருமலுக்கு இருமல் நிறுத்தி, வரப்போகும் ஒவ்வொரு மாதத்தையும் யோசித்து யோசித்துப் பேசி வைத்ததை, ஞாயிறுதோறும் மதியம் பன்னிரண்டரைக்கு அவள் அதில் ஒன்றை எனக்கு அனுப்பியதை, புள்ள படிப்ப முடிச்சுட்டுத்தான் வரோணும் என்று சத்தியம் வாங்கியதை, எல்லாம் சொன்னாள்.

"என்னைய மன்னிச்சுரு கண்ணு. கடைசி மொகம் உனக்குக் காட்டல."

நான் அதிர்ந்தவளைப் போல முகத்தை வைத்துக்கொண்டேன். பிறகு உண்மையாகவே அழுதேன். நடிப்பு எங்கே முடிந்தது என்று தெரியவில்லை. "பரவால்லம்மா," என்றேன். அவளை மன்னித்தேன், அப்பா. நான்.

இன்று ஞாயிறு. மதியம் பன்னிரண்டரைக்கு அம்மா போனை எடுத்துக்கொண்டு உங்களைப் புதைத்த இடத்துக்குக் கிளம்பினாள். வாராவாரம் போகிறாளாம். எனக்குத் தெரியாது. கூடவே போனேன். ஜெர்மனியிலிருந்து நான் அனுப்பிய பதில்களை ஒவ்வொன்றாக ஓட விட்டாள்.

"உசுரோட இருக்கிறப்ப பேசுனதுக்கு அவருக்குப் பதிலு வேணாமா? அதான் அன்னைக்கிருந்து கொண்டாந்து காட்டறேன்."

பதினாறு வயதுக் குரல். சாப்டீங்களாப்பா, இங்க பனி. சாப்டீங்களாப்பா, இன்னைக்குப் பரீட்சை. சாப்டீங்களாப்பா. பிறகு பிப்ரவரி வந்தது. "அப்பா, மொளகு காய்ச்சது சந்தோசம்." அடுத்தது: "அப்பா, இங்க மரமெல்லாம் துளிர் விடுது." அதற்கு அடுத்ததிலும் அந்த வார்த்தை இல்லை.

அம்மா போனை நிறுத்தினாள். என்னைப் பார்க்கவில்லை. ஒரு செத்தையைக் குனிந்து எடுத்துத் தூரப் போட்டாள்.

"அந்த மொளகு சேதியிலருந்து நீ அவரச் சாப்டீங்களான்னு கேக்கவேயில்ல கண்ணு."

நான் குனிந்து இன்னொரு செத்தையைப் பொறுக்கினேன்.

"செரி வா. வெயிலா இருக்குது. சோறு ஆறிப்போகும்."

முன்னால் நடந்தாள். நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இத்தனை வருடமும் வாராவாரம் அதைக் கேட்டிருக்கிறாள். அப்படியென்றால் எலுமிச்சம்பழத்தோடு நின்று என்னிடம் மன்னிப்புக் கேட்டது? நேற்று அத்தையிடம் தலை குனிந்தது? என் பங்கையும் சேர்த்து அவளே சுமந்தாளா? நீங்கள் அவளிடம் வாங்கிய சத்தியத்தில் இதுவும் இருந்ததா?

உள்ளே தட்டு வைக்கும் சத்தம் கேட்கிறது. இதை முடித்துவிட்டு எழுந்து போகிறேன். சோற்றில் கை வைப்பதற்கு முன் அம்மாவிடம் சொல்லிவிடுவேன். அவளுக்குத் தெரிந்ததையே சொல்கிறேன் என்றாலும், என் வாயால் சொல்வேன். அடுத்த சந்தைக்கும் போவேன். அதே கிழங்குக் குவியலுக்கு எதிரே, அத்தை கேட்க, தராசு பிடிப்பவரும் கேட்க, சத்தமாகச் சொல்வேன்: எனக்கு மாசியிலேயே தெரியும், நான்தான் வரவில்லை என்று. அம்மாவை இனி யாரிடமும் தப்புத்தான் என்று சொல்ல விடமாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

வரும் ஞாயிறு பன்னிரண்டரைக்குப் போன் இல்லாமல் வருகிறேன். அந்த முதல் வார்த்தையிலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறேன்.

கேட்காமல் இருந்த உங்கள் மகள்,
தேவி