கயிறு அசையாவிட்டாலும்

மாப்பிள்ளை,

இன்று காலை உன் மகளுடைய புது லேப்டாப்பில் நீ செய்த விளையாட்டை, எழுதியதை ஓடவைக்கிற புதுக் கம்பைலரில் போட்டுக் கம்பைல் செய்தேன். திரையில் ஓர் எச்சரிக்கை வந்து நின்றது. ஓர் இடத்தில் நீ மதிப்பு எதுவும் கொடுக்காமல் விட்டிருக்கிறாயாம். நீ போனபின் உன்னிடம் யாரும் குறை கண்டதில்லை. இதுதான் முதல் தடவை.

எவனோ வெளிநாட்டுக்காரன் எழுதி, சோர்ஸ் கோடு என்கிற மூல வரிகளோடு ஊருக்கே பொதுவாக விட்ட படகு விளையாட்டு. அதில் நீ நம் தூத்துக்குடிக் கடலைக் கொண்டுவந்தாய். வள்ளத்தைப் போட்டாய், சங்கு குளிக்கிறவனைப் போட்டாய். பகலெல்லாம் சங்குக்கு முங்கிவிட்டு, காது அடைத்துப்போய் வந்து கோடு எழுத உட்காருவாய். துறைமுகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற நான் பக்கத்தில் இருந்து பிழை பார்ப்பேன். கம்ப்யூட்டர் கடை அண்ணாச்சி, விலை கூடின கம்பைலர் ஒன்றைத் திருட்டுத்தனமாக ஏற்றித் தருகிறேன் என்றபோது நீ ஒத்துக்கொள்ளவில்லை.

"உள்ள என்ன இருக்குன்னு தெரியாத காத்த வாங்கிக்கிட்டு நான் முங்குவேனா மச்சான்? இலவசமாத் தாரவன் உள்ளயும் தொறந்து காட்டுதான். அது போதும்."

குளிக்கிறவனுக்கு மேலே கயிறு பிடிப்பது பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான் என்று நம் பக்கத்தில் ஒரு வழக்கம். கூடப்பிறந்தவள் தாலி தன் கையில் இருக்கும்போது அவன் கண்ணசர மாட்டான். எனக்கோ வள்ளத்தில் ஏறினாலே குமட்டும். விளையாட்டிலாவது பிடியும் என்று, கயிறு பிடிக்கிறவனுக்கு என் பெயரை வைத்தாய். தொந்தியும் வைத்தாய்.

நீ போன அன்று உனக்குக் கயிறு பிடித்தது உன் தம்பி. கயிறு அசைந்தால் தூக்க வேண்டும். அது அசையவே இல்லை. சந்தேகப்பட்டு அவன் இழுத்தபோது நீ வந்தாய், உயிர் வரவில்லை. அவன் மேல் தப்பில்லை என்று எல்லோரும் சொல்லியாயிற்று. சாப்பிட உட்கார்ந்தாலும் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு விளையாட்டை ஓட்டிப் பார்த்தேன். முங்கியவன் சங்கெடுத்தான், கயிற்றை அசைத்தான். மேலே என் பெயர்க்காரன் சும்மா நின்றான். கீழே அவன் அசைத்துக்கொண்டே இருந்தான். லேப்டாப்பை மூடிவிட்டேன்.

பிறகுதான் விளங்கியது. கயிறு அசைந்தபின் எவ்வளவு நேரத்தில் தூக்க வேண்டும் என்பதை நீ எழுதவே இல்லை. பழைய கம்பைலரில் அந்த இடம் தற்செயலாகப் பூஜ்யமாக இருந்திருக்கிறது, உடனே தூக்கிவிட்டான். புதியதில் அங்கே ஏதோ பெரிய எண் கிடந்திருக்கிறது, அதனால்தான் சும்மா நின்றான். விளையாட்டில் இத்தனை காலமும் முங்கியவன் மேலே வந்தது வெறும் அதிர்ஷ்டம். பழையதும் இலவசம்தான், அதிலேயே செய்து கொடுத்தால் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு மனசு ஒப்பவில்லை. தவறைச் சொல்லிக்காட்டுகிற புதியதையே வைத்துக்கொண்டு, பூஜ்யத்தை நானே எழுதினேன்.

அதோடு விடாமல் நானாக ஒரு வரியும் சேர்த்தேன். கயிறு அசையாவிட்டாலும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தூக்கிவிட வேண்டும். கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு? எண் போடக் கை வரவில்லை. உன் தம்பியைக் கூப்பிட்டு, விஷயத்தைச் சொல்லிக் கேட்டேன். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தான்.

"கம்மியாப் போடுங்க மச்சான்," என்றான்.

போட்டேன்.

"இன்னுங் கம்மியா."

இப்போது உன் மகள் விளையாடிக்கொண்டிருக்கிறாள். "ஒரு சங்கு எடுக்கதுக்குள்ள தூக்கிருதாரு மாமா. வெளையாடவே விட மாட்டேங்காரு," என்று சலித்துக்கொள்கிறாள். உன் தம்பி எழுந்து வெளியே போய்விட்டான். அந்த எண்ணைக் கூட்டச் சொல்லி அவள் நச்சரித்துக்கொண்டே இருக்கிறாள். நான் கூட்டப்போவதில்லை, மாப்பிள்ளை.